எச்-1பி விசாவும் அமெரிக்கக் கணினி வேலைகளும்: ஒரு கேள்வியும் தொடர் குறிப்புகளும்

கேள்வி, 21 செப்டம்பர் 2025

நான் 1999இல் எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் அமெரிக்கா வந்தவன். இப்போது குடியுரிமை பெற்றுவிட்டேன். இங்கேயே பிறந்து வளர்ந்த என் மகள் கடந்த மே மாதம் கணினி அறிவியலில் பட்டம் பெற்றாள். இன்னும் வேலை அமையவில்லை. புதிய எச்-1பி மனு ஒவ்வொன்றுக்கும் 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று அதிபர் டிரம்ப் வெள்ளிக்கிழமை அறிவித்ததும், இனித் தங்களுக்கு வழி பிறக்கும் என்று அவளுடைய வகுப்புத் தோழர்கள் பேசிக்கொள்கிறார்கள். இந்த விசா உள்நாட்டவரின் வேலையைப் பறிக்கிறது என்பது உண்மையா? உண்மையென்றால் நானும் அப்படி ஒருவருடைய வேலையைப் பறித்துக்கொண்டவன்தானா?

22 செப்டம்பர் 2025

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். நீங்கள் வந்த 1999ஆம் நிதியாண்டுக்கான விசா உச்சவரம்பை அமெரிக்க நாடாளுமன்றம் அதற்கு முந்தைய ஆண்டுதான் 65,000இலிருந்து 1,15,000 ஆக உயர்த்தியிருந்தது. இரண்டாயிரமாவது ஆண்டுச் சிக்கலுக்காகப் பழைய நிரல்களைத் திருத்த ஆள் போதவில்லை; இணைய நிறுவனங்களும் கிடைத்தவரையெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தன. அந்த ஆண்டில் நீங்கள் யாருடைய இருக்கையையும் பிடுங்கியிருக்க வாய்ப்பில்லை. ஆனால் இணையக் குமிழி உடைந்த பிறகு, 2002இல், நீங்கள் வேலையில் நீடித்தபோது அடுத்த இருக்கைக்காரரும் நீடித்தாரா என்று கேட்டால் அது வேறு கேள்வி. உச்சவரம்பு அப்போது 1,95,000 ஆக இருந்தது. வேலைச் சந்தையோ சுருங்கிக்கொண்டிருந்தது. பொருளாதாரம் ஏறினாலும் இறங்கினாலும் இந்தச் சட்டத்தின் எண்கள் தம்மைத் தாமே மாற்றிக்கொள்வதில்லை.

முதல் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடையளிப்பவர்களை நான் நம்புவதில்லை. எச்-1பி என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வகை வேலைவாய்ப்புகள் அடங்கியிருக்கின்றன. ஒரு நிறுவனம் தனக்கு வேண்டிய ஆளைத் தானே நேரடியாக நியமிப்பது ஒரு வகை. ஒப்பந்த நிறுவனம் ஒருவரை நியமித்து, அவரை இன்னொரு நிறுவனத்தின் அலுவலகத்தில் கொண்டுபோய் உட்கார வைப்பது மற்றொரு வகை. இரண்டின் விளைவும் ஒன்றல்ல. இதைத் தனித்தனியாகப் பார்க்காத வரை இந்த விவாதம் நகராது.

23 செப்டம்பர் 2025

அடிப்படைத் தகவல்களைச் சிலர் கேட்டதால் சுருக்கமாக: இன்றைய எச்-1பி 1990ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தில் உருவானது. ஆண்டுக்கு 65,000; 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பட்டமோ அதற்கு மேலோ பெற்றவர்களுக்கு மேலும் 20,000. பல்கலைக்கழகங்களுக்கும் இலாப நோக்கற்ற ஆய்வு நிறுவனங்களுக்கும் உச்சவரம்பு இல்லை. மூன்று ஆண்டுகள், மேலும் மூன்று ஆண்டுகள்; கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்களுக்கு அதற்கு மேலும் நீட்டிப்பு உண்டு. அங்கீகரிக்கப்படும் மனுக்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டுக்கு மேல் இந்தியாவில் பிறந்தவர்களுக்கு உரியவை. அதனால் இந்தப் பேச்சில் நாம் யாரும் வெறும் பார்வையாளர் அல்லர்.

புதிய கட்டணம் ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களைப் பாதிக்காது என்று மறுநாளே விளக்கம் வந்துவிட்டது. வெள்ளி இரவு விமான நிலையங்களில் பதறி நின்றவர்களுக்கு அந்த விளக்கம் ஒரு நாள் முன்னதாக வந்திருக்கலாம்.

27 செப்டம்பர் 2025

ஒப்பந்த வகையை நான் உள்ளிருந்து பார்த்தவன் என்பதால் அதைப் பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், மத்திய மேற்குப் பகுதி நகரம் ஒன்றில், ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணினிப் பிரிவுக்கு ஒப்பந்த நிறுவனத்தின் ஆளாக அனுப்பப்பட்டேன். அங்கு நீண்டகாலமாக வேலை பார்த்த ஒருவரிடமிருந்து பிரீமியம் கணக்கிடும் மெயின்ஃபிரேம் நிரல்களைக் கற்றுக்கொள்வதுதான் என் முதல் வேலை. துறை வழக்கில் அதற்குக் 'கேடி' (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், அறிவுப் பரிமாற்றம்) என்று பெயர். பயிற்சி முடியும்போது அவருடைய வேலையும் முடியும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவர் கோபப்படவில்லை, ஒவ்வொரு நிரலிலும் எந்த மாநிலத்தின் விதிக்காக எந்த விதிவிலக்கு எழுதப்பட்டது என்று பொறுமையாகச் சொன்னார். ஒரு நாள் மட்டும், எனக்கு எவ்வளவு சம்பளம் என்று நேரடியாகக் கேட்டார். சொன்னேன். தன் சம்பளத்தைவிட அது அவ்வளவு ஒன்றும் குறைவில்லையே என்று வியந்தார்.

அந்த வியப்பை நான் பிறகு பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்காக வாடிக்கையாளர், அதாவது அந்தக் காப்பீட்டு நிறுவனம், ஒரு மணி நேரத்துக்குக் கொடுத்த தொகையில் இடையில் இருந்த வெண்டர் என்ற இடைத்தரகு நிறுவனம் ஒரு பங்கும், என் நிறுவனம் ஒரு பங்கும் எடுத்துக்கொண்ட பிறகுதான் மீதி எனக்கு வந்தது. ஆகவே வாடிக்கையாளர் என் சம்பளத்தில் பெரிதாக எதையும் மிச்சப்படுத்தவில்லை. அவர் மிச்சப்படுத்தியது, வயதான ஊழியரின் மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு, பணிமூப்புக்கேற்ற விடுப்பு ஆகியவற்றை. அதற்கும் மேலாக, வேண்டாம் என்று தோன்றும் நாளில் ஒரு மின்னஞ்சலில் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும் வசதி அவருக்குக் கிடைத்தது. சம்பளப் புள்ளிவிவரத்தை மட்டும் பார்த்து, விசாக்காரர்கள் குறைந்த கூலிக்கு வேலை செய்வதில்லை, எனவே யாருக்கும் தீங்கில்லை என்று வாதிடுவோர் இந்தக் கணக்கைக் கவனிப்பதில்லை.

இது ஏதோ ஓர் இடத்தில் நடந்த தனிச் சம்பவம் அன்று. ஆர்லாண்டோவில் டிஸ்னி நிறுவனம் 2014 அக்டோபரில் சுமார் 250 கணினித் துறை ஊழியர்களுக்கு வேலை முடியப்போவதை அறிவித்தபோதும், அவர்களில் பலர் தங்கள் இடத்துக்கு வந்த ஒப்பந்த ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுத்தான் வெளியேறினர். தெற்குக் கலிபோர்னியா எடிசன் மின் நிறுவனத்திலும் ஏறக்குறைய அதே காலத்தில் அதுவே நடந்தது.

28 செப்டம்பர் 2025

"அமெரிக்கரைத் தேடிப் பார்த்து, கிடைக்காத பின்புதான் எச்-1பி ஆளை எடுக்க முடியும் என்று சட்டம் இருக்கும்போது டிஸ்னியில் அப்படி எப்படி நடக்கும்?" என்று ஒருவர் கேட்கிறார். பரவலாக நம்பப்படும் இந்தச் செய்தி சரியன்று. முதலில் உள்நாட்டவரைத் தேட வேண்டும் என்ற நிபந்தனை கிரீன் கார்டுக்கான பெர்ம் நடைமுறையில் உண்டு. எச்-1பியில் பொதுவாகக் கிடையாது. தொழிலாளர் துறைக்கு நிறுவனம் கொடுக்கும் எல்சிஏ என்ற உறுதிமொழிப் படிவத்தில், அந்த வட்டாரத்தில் நிலவும் ஊதியத்தைத் தருவேன், அதே பணியில் உள்ளவர்களின் பணிச்சூழலைப் பாதிக்க மாட்டேன் என்பன போன்றவையே இருக்கும்.

மொத்த ஊழியர்களில் 15 விழுக்காட்டினரோ அதற்கு மேலோ எச்-1பியில் உள்ள பெரிய நிறுவனங்களுக்கு மட்டும், உள்நாட்டவரை நீக்கக்கூடாது, முதலில் அவர்களைத் தேட வேண்டும் என்ற கூடுதல் கடமைகளை 1998ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. ஆனால் அதே சட்டம், ஊழியருக்கு ஆண்டுக்கு 60,000 டாலர் கொடுத்தாலோ அவர் தொடர்புடைய முதுநிலைப் பட்டம் பெற்றிருந்தாலோ அந்தக் கடமைகள் இல்லை என்று விலக்கும் அளித்தது. 1998இல் 60,000 என்பது நல்ல சம்பளம். இன்று அதே மதிப்புக்கு ஏறக்குறைய இரு மடங்கு வேண்டும். தொகை மட்டும் அசையாமல் அங்கேயே நிற்கிறது. கதவைப் பூட்டிச் சாவியைப் பூட்டிலேயே விட்டதுபோன்ற இந்த ஏற்பாட்டை மாற்றச் சட்டம் ஒன்று போதும். ஒரு லட்சம் டாலர் கட்டணம் தேவையே இல்லை.

5 அக்டோபர் 2025

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்று சிலர் கேட்டார்கள். ஒவ்வொரு தரப்பும் தனக்கு வேண்டிய ஆய்வைக் கையில் வைத்திருக்கிறது. அவை எதை அளந்தன என்று பார்த்தால்தான் முரண்பாடு விளங்கும்.

பெரி, ஷீ, ஸ்பார்பர் ஆகிய பொருளியல் ஆய்வாளர்கள் 1990 முதல் 2010 வரை 219 அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து, வெளிநாட்டு அறிவியல் தொழில்நுட்ப ஊழியர்கள் அதிகமாக வந்த நகரங்களில் பட்டம் பெற்ற உள்நாட்டவரின் ஊதியமும் கணிசமாக உயர்ந்தது என்று கண்டார்கள். அவர்களின் அளவுகோல் நகரம். அங்குள்ள வழக்கறிஞர், மேலாளர், விற்பனையாளர் அனைவரும் அந்தக் கணக்கில் உண்டு. பவுண்ட், கன்னா, மொராலஸ் ஆகியோர் கணினித் துறையை மட்டும் எடுத்துக்கொண்டு, 1994க்குப் பிறகு வெளிநாட்டவர் வரவு உயராமல் இருந்திருந்தால் 2001இல் அமெரிக்கக் கணினித் துறையினரின் ஊதியம் 2.6 முதல் 5.1 விழுக்காடு வரையும், அத்துறையில் அவர்களுடைய வேலைவாய்ப்பு 6.1 முதல் 10.8 விழுக்காடு வரையும் கூடுதலாக இருந்திருக்கும் என்று மதிப்பிட்டார்கள். அதே ஆய்வு, நுகர்வோருக்கு விலை குறைந்தது, நிறுவனங்களுக்கு இலாபம் கூடியது என்றும் சொல்கிறது. ஆக, நாட்டுக்கு மொத்தத்தில் ஆதாயம், கணினித் துறை ஊழியருக்கு ஓரளவு இழப்பு என்ற இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். மொத்த ஆதாயத்தைக் காட்டி, இழந்தவரிடம் உனக்கு எதுவும் நேரவில்லை என்று சொல்வதுதான் கோபத்தை வளர்க்கிறது.

டோரன், கெல்பர், ஐசன் ஆகியோரின் ஆய்வு வேறு விதமானது. உச்சவரம்பைவிட மனுக்கள் மிகுந்தால் யாருக்கு விசா என்று குலுக்கல் நடக்கும். அதில் வென்ற நிறுவனத்தையும் தோற்ற நிறுவனத்தையும் ஒப்பிட்டு, விசா கிடைத்த நிறுவனங்களில் மற்றவர்களின் வேலைவாய்ப்பு அந்த அளவுக்குக் குறைந்தது என்றும், கண்டுபிடிப்பு உரிமங்கள் குறிப்பிடும்படியாகக் கூடவில்லை என்றும் அவர்கள் முடிவு செய்தார்கள். எச்-1பி எதிர்ப்பாளர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஆய்வு இதுதான். ஆனால் அவர்கள் ஆராய்ந்தவை 2006, 2007 நிதியாண்டுகளின் குலுக்கல்கள். அப்போது உச்சவரம்பு நிறைந்த கடைசி நாளில் வந்த மனுக்களுக்கு மட்டுமே குலுக்கல் நடந்தது. முதல் வாரத்திலேயே விண்ணப்பித்த நிறுவனங்கள் அந்தக் கணக்கில் வரமாட்டா.

6 அக்டோபர் 2025

நேற்றைய குறிப்பில் சேர்த்திருக்க வேண்டியது: உச்சவரம்பு 2004இல் மீண்டும் 65,000 ஆனபோது பன்னாட்டு நிறுவனங்கள் என்ன செய்தன என்று பிரிட்டா கிளெனன் ஆராய்ந்தார். அவை அந்த வேலைகளை அமெரிக்கருக்குக் கொடுப்பதற்குப் பதிலாக, பெரும்பாலும் இந்தியா, சீனா, கனடா ஆகிய நாடுகளில் உள்ள தங்கள் கிளைகளில் ஆள் எடுத்தன. கட்டணத்தைக் கொண்டாடுவோர் இதைப் படிக்க வேண்டும்.

12 அக்டோபர் 2025

இப்போது நேரடி நியமன வகைக்கு வருகிறேன். நீங்கள் உங்கள் மகளுக்காகக் கேட்ட கேள்வி பெரும்பாலும் இங்குதான் பொருந்துகிறது. கடந்த சில ஆண்டுகளாக நேர்காணல் குழுக்களில் மேசையின் மறுபக்கத்தில் உட்கார்ந்து வருகிறேன். விசாவில் இருப்பவருக்குக் குறைந்த சம்பளம் பேசலாம் என்று எந்த மேலாளரும் என் காதுபட சொன்னதில்லை. ஆனால், "இவர் எங்கும் போக மாட்டார்" என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஏறக்குறைய சமமான இரண்டு விண்ணப்பதாரர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

அவர் ஏன் எங்கும் போக மாட்டார்? வேலைவாய்ப்பு வழியிலான கிரீன் கார்டு ஆண்டுக்கு 1,40,000. எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் 7 விழுக்காட்டுக்கு மேல் பொதுவாகக் கிடையாது. ஐஸ்லாந்துக்கும் இந்தியாவுக்கும் ஒரே வரம்பு. 2025 அக்டோபர் மாத விசா அறிக்கையில் இந்தியர்களின் இரண்டாம், மூன்றாம் பிரிவு முன்னுரிமைத் தேதிகள் (வரிசையில் சேர்ந்த நாள்) 2013ஆம் ஆண்டிலேயே நின்றன; அதாவது அந்த ஆண்டு வரிசையில் சேர்ந்தவர்களுக்கே அப்போது முறை வந்திருந்தது. வேலை போனால் 60 நாள்களுக்குள் வேறு நிறுவனம் மனுச் செய்ய வேண்டும். இல்லையேல் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளோடு நாட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். இந்த நிலையில் உள்ள ஒருவர் ஊதிய உயர்வு கேட்டுச் சண்டையிடுவாரா, வார இறுதி வேலையை மறுப்பாரா? உங்கள் மகளுக்கு இந்த அச்சம் இல்லை. பிடிக்காவிட்டால் அடுத்த வேலைக்குப் போவாள். சில மேலாளர்களின் கண்ணுக்கு அந்தச் சுதந்திரமே அவளுடைய குறையாகத் தெரிகிறது.

பெர்ம் விளம்பரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். என் கிரீன் கார்டுக்காக என் வேலையே ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் விளம்பரமாக வந்தது. தேவையான தகுதிகளைப் படித்தபோது, அவை அனைத்தும் உலகில் ஒருவருக்குத்தான் பொருந்தும் என்றும், அந்த ஒருவர் நான்தான் என்றும் விளங்கியது. அமெரிக்க நீதித்துறை 2021இல் ஃபேஸ்புக் நிறுவனத்துடனும் 2023இல் ஆப்பிள் நிறுவனத்துடனும் செய்துகொண்ட உடன்பாடுகள் இந்த நடைமுறை பற்றியவையே. வழக்கமான வேலைகளைத் தம் இணையதளத்தில் அறிவிக்கும் நிறுவனங்கள், பெர்ம் வேலைகளுக்கு மட்டும் விண்ணப்பங்களைத் தபாலில் அனுப்பச் சொன்னதாகக் குற்றச்சாட்டு. ஃபேஸ்புக் 1.425 கோடி டாலர் வரையும், ஆப்பிள் 2.5 கோடி டாலர் வரையும் கொடுக்க ஒப்புக்கொண்டன.

14 அக்டோபர் 2025

"எச்-1பியில் உள்ளவர் வேறு நிறுவனத்துக்கு மாறலாம், 2000ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி செய்திருக்கிறது, கொத்தடிமை போலப் பேசுவது மிகை" என்ற மறுப்பு நியாயமானது. மாறலாம், நானே மாறியிருக்கிறேன். ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு ஏற்கப்பட்டிருந்தால் பழைய முன்னுரிமைத் தேதியும் கூடவே வரும். ஆனால் புதிய நிறுவனம் பெர்மை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குச் செலவழிக்க எல்லா நிறுவனங்களும் தயாராக இல்லை. சிறிய நிறுவனங்கள் பெரும்பாலும் தயாராக இல்லை. ஆகவே பெரிய நிறுவனத்திலிருந்து இன்னொரு பெரிய நிறுவனத்துக்கு மாற முடிகிறது. சொந்தமாகத் தொழில் தொடங்கவோ, புதிதாகத் தொடங்கிய நிறுவனத்தில் சேரவோ துணிவு வருவதில்லை. கட்டு தளர்வானது என்று வேண்டுமானால் சொல்லலாம். கட்டே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

21 அக்டோபர் 2025

குடியேற்றச் சேவைத் துறை நேற்று வெளியிட்ட விளக்கத்தின்படி, அமெரிக்காவுக்குள் இருந்துகொண்டே மாணவர் விசாவிலிருந்து எச்-1பிக்கு மாறுபவர்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் இல்லை. இதன் விளைவை உங்கள் மகளின் நிலையிலிருந்து பாருங்கள். இந்தியாவிலிருந்து நேரடியாக ஆள் வரவழைக்கும் ஒப்பந்த நிறுவனத்துக்குத்தான் சுமை. அவளோடு ஒரே வகுப்பில் படித்து, அதே வேலைக்கு விண்ணப்பிக்கும் வெளிநாட்டு மாணவரோடு அவளுக்குள்ள போட்டியில் எந்த மாற்றமும் இல்லை.

அந்த மாணவர்கள் படிப்பு முடிந்ததும் ஓபிடி என்ற பயிற்சி வேலை அனுமதியில் ஓராண்டும், அறிவியல் தொழில்நுட்பப் பட்டமாக இருந்தால் மேலும் 24 மாதங்களும் வேலை செய்யலாம். அதற்கு உச்சவரம்போ குலுக்கலோ இல்லை. அவர்களில் பெரும்பாலோருக்குச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகளும் இல்லை என்பதால், நிறுவனத்துக்கு அவர்கள் சம்பளத்தில் 7.65 விழுக்காடு மிச்சம். புதுப் பட்டதாரிகளின் போட்டியைப் பற்றிப் பேசுவோர் எச்-1பியைப் பற்றி முழங்குவதில் பாதி நேரமாவது இதற்கு ஒதுக்கலாம். யாரையும் தடுக்காமலேயே, இரு தரப்புக்கும் ஒரே வரி என்று மாற்றுவது எளிது.

30 அக்டோபர் 2025

அமேசான் 14,000 அலுவலகப் பணியிடங்களை நீக்கும் செய்தி வந்ததும், எச்-1பி பட்டியலில் முதலிடத்தில் இருப்பதும் அதே நிறுவனம்தானே என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் உண்மை. ஒன்றால்தான் மற்றொன்று நேர்ந்தது என்பதற்கு அது சான்றாகாது. நீக்கப்படுவோரில் விசாவில் இருப்பவர்களும் உண்டு என்பதையும், அவர்களுக்கு வேலை முடியும் நாளிலிருந்து 60 நாள் கணக்கு ஓடத் தொடங்கிவிடும் என்பதையும் யாரும் எழுதவில்லை.

புதுப் பட்டதாரிகளின் நிலை மோசம்தான். நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கி இந்த ஆண்டு வெளியிட்ட அட்டவணையில், கணினி அறிவியல் படித்த இளம் பட்டதாரிகளிடையே வேலையின்மை 6.1 விழுக்காடு, கணினிப் பொறியியலில் 7.5 விழுக்காடு. ஆனால் எச்-1பியின் உச்சவரம்பு 2006ஆம் நிதியாண்டு முதல் ஒரே அளவில்தான் இருக்கிறது. 2021இல் இதே பட்டதாரிகளை நிறுவனங்கள் போட்டி போட்டு அழைத்தன. மாறாத ஒன்று திடீர் மாற்றத்துக்கு முழுக் காரணமாக இருக்க முடியாது. மாறியவற்றைப் பார்க்க வேண்டும். 2022இல் வட்டி விகிதம் ஏறியது. பெருந்தொற்றுக் காலத்தில் அளவுக்கு மீறி ஆள் எடுத்த நிறுவனங்கள் குறைக்கத் தொடங்கின. 2017ஆம் ஆண்டு வரிச் சட்டத்தின் ஒரு பிரிவு 2022இல் நடைமுறைக்கு வந்து, மென்பொருள் உருவாக்கச் செலவை அதே ஆண்டில் கழிக்க விடாமல் ஐந்து ஆண்டுகளுக்குப் பரப்பச் செய்தது. உள்நாட்டுச் செலவுக்கு அது இந்த ஜூலையில்தான் நீக்கப்பட்டது. கணினி அறிவியலில் ஆண்டுதோறும் இளநிலைப் பட்டம் பெறுவோரின் எண்ணிக்கையும் 2013க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் ஏறக்குறைய இரு மடங்காகியிருந்தது. செயற்கை நுண்ணறிவின் பங்கு எவ்வளவு என்பதில் இன்னும் யாரும் உறுதியாகப் பேசும் நிலையில் இல்லை; என் குழுவில் தொடக்க நிலை வேலைகள் குறைந்ததை மட்டும் கண்ணால் பார்த்தேன்.

2 நவம்பர் 2025

குலுக்கலுக்குப் பதில் ஊதியத்தைக் கணக்கில் எடுக்கும் அரசின் முன்மொழிவைப் பற்றி என் கருத்தைக் கேட்டவருக்கு: நான்கு ஊதிய நிலைகளில் மிக உயர்ந்த நான்காம் நிலையில் உள்ளவரின் பெயர் நான்கு முறை, முதல் நிலையில் உள்ளவரின் பெயர் ஒரு முறை குலுக்கலில் சேரும் என்பது திட்டம். கண்ணை மூடிக்கொண்டு குலுக்குவதைவிட மேல். ஆனால் இந்த நிலைகள் அந்தந்தத் தொழிலுக்கும் வட்டாரத்துக்கும் ஏற்ப வகுக்கப்பட்டவை. குறைந்த ஊதியம் நிலவும் சிறு நகரத்தின் நான்காம் நிலை, அதிக ஊதியம் நிலவும் சான் ஹோசேயின் இரண்டாம் நிலையைவிடக் குறைந்த தொகையாக இருக்கலாம். அப்படியிருந்தும் முன்னதற்கு நான்கு வாய்ப்பு, பின்னதற்கு இரண்டு. டாலர் தொகையை நேராக வரிசைப்படுத்தியிருந்தால் இந்தக் குழப்பம் இல்லை. ஆனால் அப்போது புதிதாகப் பணியில் சேரும் ஆசிரியர்களும் ஆய்வகப் பணியாளர்களும் வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படுவார்கள். எனக்கு இதில் இன்னும் முடிவான கருத்து இல்லை. 60,000 டாலர் விலக்கை நீக்குவதும், வேலை இழந்தவருக்கு 60 நாளை ஆறு மாதமாக்குவதும் முதலில் வரவேண்டும் என்பதில் மட்டும் தயக்கமில்லை.

9 நவம்பர் 2025

எல்-1 விசாவைப் பற்றி ஒருவர் நினைவூட்டினார், நல்ல நினைவூட்டல். ஒரே நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளையிலிருந்து ஆளை மாற்றிக் கொண்டுவரும் இந்த விசா 1970இல் வந்தது. இதற்கு ஆண்டு உச்சவரம்பு இல்லை, குலுக்கல் இல்லை, வட்டார ஊதிய நிபந்தனையும் இல்லை. செப்டம்பர் அறிவிப்பின் கட்டணமும் இதற்குப் பொருந்தாது. சிறப்பறிவு அடிப்படையில் வரும் எல்-1பி ஊழியரை வேறு நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் வேலை செய்ய விடக்கூடாது என்று 2004இல் ஒரு தடை சேர்க்கப்பட்டது. ஆனால் இந்தியாவில் சொந்த வளாகம் வைத்திருக்கும் அமெரிக்க நிறுவனத்துக்கு அந்தத் தடையால் எந்த இடைஞ்சலும் இல்லை. அடுத்த ஆண்டு எச்-1பி மனுக்கள் குறைந்துவிட்டன என்று செய்தி வரும்போது, அதே காலத்து எல்-1 எண்ணிக்கையையும், அந்த நிறுவனங்கள் இந்தியாவிலும் கனடாவிலும் எவ்வளவு ஆள் எடுத்தன என்பதையும் சேர்த்துப் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.